சத்தம் போடாத வெடி

2021 பிப்ரவரி 12. சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சத்தம் கேட்டது, புகை தெரிந்தது. இரங்கல் வந்தது, நிவாரணம் வந்தது. அப்புறம்? நீங்களும் மறந்தீர்கள், நானும் மறந்தேன்.

சத்தத்தோடு வரும் சாவுக்கே இந்தக் கதி என்றால், சத்தமில்லாமல் வருவதை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்?

அடுத்த முறை பெரிய மாலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது மொட்டைமாடியை அண்ணாந்து பாருங்கள். கூலிங் டவர் இருக்கலாம். சென்ட்ரல் ஏ.சி.யின் சூட்டை வெளியேற்ற, தண்ணீரைத் தூவி விசிறியால் காற்றடிக்கும் தொட்டி. அதில் பாசியும் சகதியும் சேரவிட்டால் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா குடியேறும். 25 முதல் 45 டிகிரி வரை அதற்குச் சுகவாசம். நம்ம ஊர் வெயிலில் கேட்கவா வேண்டும்! கண்ணுக்குத் தெரியாத திவலையில் ஏறி, தெருவில் போகிறவரின் நுரையீரலுக்குள் இறங்கும். நிமோனியா. (வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யை முறைக்காதீர்கள், அதில் கூலிங் டவர் கிடையாது.)

1976-ல் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு நடந்தபோது பரவி, 34 பேரைக் கொன்ற பிறகுதான் இந்தக் கிருமியையே உலகம் கண்டுபிடித்தது. 2015-ல் நியூயார்க்கில் மறுபடி சாவுகள். கூலிங் டவர்களைப் பதிவு செய், சோதனை செய் என்று சட்டம் போட்டார்கள். அப்படியும் 2025-ல் அங்கே ஹார்லெம் பகுதியில் 114 பேருக்கு நோய், 7 பேர் சாவு. கிருமி இருந்த இடங்களில் ஒன்று, ஆஸ்பத்திரியின் மாடி!

‘நம்ம ஊர்ல அதெல்லாம் இல்லீங்க’ என்பீர்கள். சோதித்தால்தானே சார் தெரியும்? இதற்கென்று தனிச் சோதனை உண்டு. கேட்டால்தான் செய்வார்கள். பென்சிலின் வகை மருந்துக்கு இது மசியாது. நோயாளி போய்ச் சேர்ந்தால், ‘நிமோனியா’ என்று எழுதி ஃபைலை மூடிவிடலாம்.

பி.காம். படித்தவன் எனக்கு ஒரு கணக்கு தெரியும். செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது பராமரிப்பு. தொட்டி கழுவுவதால் வருமானம் ஏறாது. கழுவாவிட்டால் வரும் நஷ்டமோ முதலாளியின் பேலன்ஸ் ஷீட்டில் ஏறாது. தெருவில் போனவன் வீட்டில் ஏறும். அச்சங்குளமும் இதே கணக்குதான். லாபம் ஒரு பக்கம், பிணம் இன்னொரு பக்கம்.

அதனால், நாளைக்கு ஆபீஸ் போனதும் மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘மாடியில் கூலிங் டவர் இருக்கா? கடைசியா எப்போ கழுவினீங்க? ரிப்போர்ட் காட்டுங்க.’

மூன்று கேள்வியாகிவிட்டதோ? பரவாயில்லை, மூன்றையும் கேளுங்கள்.