மனம் பேசத் தமிழ் போதாதா?

எழுத வேண்டும் என்று சில மாதங்களாகவே எண்ணி, ஒவ்வொரு பருவ விடுமுறையிலும் தள்ளிப்போட்டு வந்த பொருள் இது. சிங்கப்பூரில் இப்பொழுது மனநலம் பற்றிப் பேசாதவர் இல்லை. 2023 அக்டோபரில் அரசாங்கம் தேசிய அளவிலான மனநல உத்தியை வெளியிட்டது. 2025 ஜூன் மாதம் 1771 என்னும் தேசிய உதவி எண் தொடங்கப்பட்டது. பள்ளிதோறும் ஆலோசகர் இருக்கின்றார். நற்பண்புப் பாடத்தில் மனநலமும் இடம்பெற்றுவிட்டது. இவை அனைத்தையும் மனமார வரவேற்கின்றேன். ஆயினும் ஒரு குறை உறுத்துகின்றது. இப்பேச்செல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றது. தமிழுக்கு வருவது மொழிபெயர்த்த துண்டறிக்கை. அறிக்கையை வாசிக்கலாம், அதனோடு உரையாட முடியுமா?

தொடக்கநிலை நான்கு மாணவர்களிடம் உணர்வுகளைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களைக் கேட்டுப் பாருங்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம். இம்மூன்றோடு பெரும்பாலும் நின்றுவிடும். சற்றுத் தூண்டினால் 'பயம்' வரும். அதே குழந்தைகளை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் 'ஸ்ட்ரெஸ்', 'ஆங்ஷியஸ்', 'லோன்லி', 'ஜெலஸ்' என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள் தடையின்றி வருகின்றன. நல்லதுதானே, ஏதோ ஒரு மொழியில் சொல்லத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். பள்ளி முடிந்து அக்குழந்தை யாரிடம் செல்கின்றது? பல வீடுகளில் பாட்டியிடம் அல்லது தாத்தாவிடம். பேரப்பிள்ளை 'ஆங்ஷியஸ்' என்றால் பாட்டிக்கு விளங்காது. பாட்டிக்கு விளங்கும் சொல் பேரப்பிள்ளைக்குத் தெரியாது. ஆகவே இருவருக்கும் தெரிந்த ஒரு சொல்லைக் குழந்தை கண்டுபிடிக்கின்றது: வயிறு வலிக்கிறது. பாட்டி ஓமத் தண்ணீர் கொடுக்கின்றார். மறுநாள் காலையிலும் வலிக்கின்றது. மருத்துவர் பார்த்துவிட்டு வயிற்றில் ஒன்றுமில்லை என்கின்றார். உடனே பெரியவர்கள், "பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறான்" என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

அவன் நடிக்கவில்லை. குழந்தைகளின் கலக்கம் வயிற்றுவலியாகவும் தலைவலியாகவும் வெளிப்படுவது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. வலி மெய்யானது, அதன் காரணத்தைச் சொல்லத்தான் வீட்டு மொழியில் சொல் இல்லை.

இந்த இடைவெளி இனிக் குறையும் என்று தோன்றவில்லை. சிங்கப்பூரில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. தமிழாசிரியர்கள் இவ்வெண்ணைப் பார்த்து மொழி அழியுமோ என்று அஞ்சுகின்றோம். நான் அதற்கு முன்பே நேரக்கூடிய ஓர் இழப்பை நினைக்கின்றேன். கடைக்குப் போகவும் கட்டுரை எழுதவும் தமிழ் இருக்கும். அழுகையைச் சொல்ல இராது.

இனி, இருக்கின்ற சொற்களின் நிலையைப் பார்ப்போம். 'மன அழுத்தம்' என்னும் ஒரே சொல்லைத் தேர்வு நேரப் பரபரப்புக்கும் பயன்படுத்துகின்றோம். மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழமுடியாமல் கிடப்பவரின் நோய்க்கும் பயன்படுத்துகின்றோம். முன்னது நெருக்கடி தீர்ந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். பின்னதற்கு 'மனச்சோர்வு' என்ற சொல் உண்டு, சிகிச்சையும் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், "எனக்கும்தான் மன அழுத்தம் இருக்கிறது, நான் வேலைக்குப் போகவில்லையா?" என்று கேட்பது எளிதாகிவிடுகின்றது. இப்படிக் கேட்டே எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கின்றோம்!

வசைச்சொற்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பைத்தியம், லூசு, மெண்டல். தமிழ்த் திரைப்படங்களின் வழியாக வந்த 'கீழ்ப்பாக்கம்' வேறு. சென்னையைப் பார்த்தேயிராத சிங்கப்பூர்ப் பிள்ளைகூட அந்த நகைச்சுவைக்குச் சிரிக்கின்றது. நமக்கென்று உள்ளூர்ச் சரக்கும் உண்டு. 1928இல் தொடங்கப்பட்ட மனநோய் மருத்துவமனைக்கு 1951இல் 'உட்பிரிட்ஜ்' என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பெயரும் விரைவில் வசையாகிவிட்டது. 1993இல் புவாங்கோக்கிற்கு இடம்பெயர்ந்து மனநலக் கழகம் என்ற பெயரோடு இயங்கத் தொடங்கிய பின்னும், நம் தலைமுறை "உன்னை உட்பிரிட்ஜில் சேர்க்க வேண்டும்" என்பதை விடவில்லை. பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்கு இது போதும்.

மனநலக் கழகத்தின் ஆய்வுகள் சொல்வதும் ஏறக்குறைய இதையே. 2010இல் அது நடத்திய நாடு தழுவிய ஆய்வின்படி, பெரியவர்களுள் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் தொடர்பான கோளாறு ஒன்றுக்கு ஆளாகியிருந்தனர். 2016இல் அது 13.9 விழுக்காடு, அதாவது ஏழு பேரில் ஒருவர். அவர்களுள் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்த உதவியையும் நாடவில்லை. எண்ணச்சுழல் நோய்க்கு (கையை மீண்டும் மீண்டும் கழுவுவது, பூட்டிய கதவையே திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது போன்றது) ஆளானோர் உதவி நாடுவதற்குள் கழிந்த காலம், நடுமதிப்பில் 11 ஆண்டுகள். தொடக்கநிலை ஒன்றில் சேரும் குழந்தை உயர்நிலைப் பள்ளியை முடித்துவிடும் காலம் அது.

என்னை அதைவிட உலுக்கியது 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு. மனநோய் உள்ளவர்கள் விரும்பினால் தாமே சரியாகிவிட முடியும் என்று பத்தில் ஒன்பது பேர் கருதினார்களாம். ஏறத்தாழப் பாதிப்பேர் அதை மனவலிமைக் குறைவின் அடையாளம் என்றார்களாம். பத்தில் ஒன்பது என்றால் ஆசிரியர் அறையில் அமர்ந்திருக்கும் நாமும் அதில் அடக்கம்! நீரிழிவு நோயாளியிடம், "மனத்தைத் திடப்படுத்து, சர்க்கரை இறங்கிவிடும்" என்று நாம் சொல்வதில்லையே.

தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லை, ஆங்கிலத்தில்தான் பேச முடியும் என்று ஒரு வாதம் எழுகின்றது. படித்தவர்களே இதைக் கூறுகின்றனர். தமிழாசிரியர்க்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த தொல்காப்பியத்தைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். அதன் மெய்ப்பாட்டியல் உணர்வுகளை எட்டு வகையாகப் பகுக்கின்றது. ஒவ்வொன்றும் எதனால் தோன்றும் என்று நான்கு நான்கு நிலைக்களன்களும் கூறுகின்றது. அழுகைக்குச் சொல்லப்படும் நான்கினைப் பாருங்கள். பிறரால் இகழப்படுதல் ஒன்று. உற்றாரையோ உடைமையையோ இழத்தல் ஒன்று. முன்பிருந்த நிலை கெட்டு வேறு நிலையில் உழலுதல் ஒன்று. வறுமை ஒன்று. வகுப்பில் கேலிக்கு ஆளாகும் சிறுவன், தாத்தாவைப் பறிகொடுத்த சிறுமி, பெற்றோர் பிரிந்ததால் வீடு மாறிய குழந்தை, மாதக் கடைசியில் பள்ளிச் செலவுக்குக் கேட்கத் தயங்கும் பிள்ளை. நான்கு பேரும் என் வகுப்பில் இருக்கின்றார்கள். உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். நால்வரையும் நாம் 'சோகம்' என்ற ஒரே பெட்டியில் அடைக்கின்றோம்.

மெய்ப்பாடு என்றால் உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படுவது. எனவே நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, வயிற்றைப் பிசைகிறது என்று பேசும் பாட்டியை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குவது தவறு. அவர் பேசுவது நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு மொழி. அதைக் கேட்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைந்துவிட்டார்கள்.

அதைக் கேட்டவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். போர்க்காலத்தில் அங்கே பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளியான 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' என்னும் நூலில் போர் அம்மக்களின் மனத்தில் ஏற்படுத்திய காயங்களைப் பதிவு செய்தார். நோயாளிகள் 'எனக்கு மனநோய்' என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. பெருமூச்சு, உடல் நோவு, ஓயாத யோசனை என்றே வந்தார்கள். (அங்கே 'யோசிக்கிறேன்' என்றால் கவலைப்படுகிறேன் என்று பொருள்.) மருத்துவர்கள் அம்மொழியைத் திருத்தவில்லை, அதிலிருந்தே தொடங்கினார்கள். 'மனவடு', 'உளவளத்துணை', 'சீர்மியம்', 'நெருக்கீடு' என்று சொற்கள் புழக்கத்துக்கு வந்தன. ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார்கள். பல ஊர்களில் குழந்தையின் துயரத்தை முதலில் காணக்கூடியவர் ஆசிரியரே என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அத்தனை அழிவுக்கு நடுவே அவர்களால் தமிழில் பேச முடிந்தது. நூலகமும் குளிரூட்டிய வகுப்பறையும் உள்ள நமக்கு மட்டும் தமிழ் போதவில்லையா?

நம் ஊரிலும் காயங்கள் உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் நாள், ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயது ஊழியர் ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. மறு ஆண்டு விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. மது விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. தேக்காவில் அதைப் பற்றிப் பேசாத கடையில்லை. மதுவைப் பற்றியும் கூட்டத்தைப் பற்றியும் நம் பெயர் கெட்டதைப் பற்றியும் பேசினோம். கண்ணெதிரே தம்மைப் போன்ற ஒருவர் நசுங்கி இறந்ததைப் பார்த்தவர்கள் அன்றிரவு எப்படித் தூங்கினார்கள் என்று பேசியதாக எனக்கு நினைவில்லை. கலவரத்தை நான் நியாயப்படுத்தவில்லை. அந்த ஒரு கேள்வி நம் பேச்சில் எழவே இல்லை என்பதைத்தான் சுட்டுகின்றேன்.

2020இல் நிலைமை ஓரளவு மாறியது. கொரோனா தொற்று தங்கும் விடுதிகளில் பரவி, அவ்வாண்டு இறுதிக்குள் விடுதிவாசிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தொற்றியிருந்தது தெரியவந்தது. அடைபட்டுக் கிடந்த ஊழியர்களின் மனநலத்தைக் கவனிக்க மனிதவள அமைச்சும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளும் முன்வந்தன. ஊழியர்களின் சொந்த மொழியில் பேசக்கூடியவர்கள் தேவைப்பட்டார்கள். ஊரில் கடன், இங்கே அறைக்குள் முடக்கம், தொலைபேசியில் அழும் மனைவி. இதை ஒருவர் எந்த மொழியில் சொல்வார்?

பெற்றோர்களிடம் ஒன்று கூற வேண்டும். பள்ளி ஆலோசகரைப் பார்க்கலாமே என்று சொன்னவுடன், "பதிவாகிவிடுமே, பின்னால் வேலைக்குப் பாதகமாகுமே" என்று அஞ்சுகின்றீர்கள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்பதன் புதிய வடிவம் இது. பள்ளி ஆலோசகரிடம் பேசுவது மனநோய்க்கான முத்திரை ஆகாது. வேலை விண்ணப்பத்தில் மனநல வரலாற்றைக் கேட்கக்கூடாது என்னும் வழிகாட்டுதல் 2020இலேயே வந்துவிட்டது. மனநிலை காரணமாக வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் பணியிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தற்கொலை முயற்சிகூட 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமில்லை. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நம் வரவேற்பறை இன்னும் வரவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளை ஏதேனும் சொன்னால் உடனே புத்திமதியைத் தொடங்காமலிருந்தாலே பாதி வேலை முடிந்தது. "அதெல்லாம் ஒன்றுமில்லை", "எங்கள் காலத்தில் நாங்கள் படாததா?" என்னும் இரண்டு வாக்கியங்களைச் சிறிது காலம் அலமாரியில் வைத்துவிடலாம். "உடம்பில் எங்கே அப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பாட்டியையும் அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை பாட்டிகள் இதில் நம்மைவிடத் தேர்ந்தவர்கள்.

ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்கின்றேன். நாம் மருத்துவர் அல்லர், ஆகவும் வேண்டாம். கவலைக்குரியதைக் கண்டால் ஆலோசகரிடம் சேர்ப்பதே நம் பணி. ஆனால் தொடக்கப்பள்ளியில் நற்பண்புப் பாடத்தைத் தாய்மொழியில் நடத்தும் வாய்ப்பு நம் கையில்தான் இருக்கின்றது. அதைக் கேள்வி பதிலாக எழுதி வாங்கும் பாடமாக்கிவிடாதீர்கள். நான் வாரம் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கின்றேன். தவிப்பு, ஏக்கம், கலக்கம், கூச்சம், ஆற்றாமை, நிம்மதி. சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதை வீட்டில் யாரிடமாவது கேட்டு வரச் சொல்வேன். 'ஏக்கம்' வாரத்தில் ஒரு மாணவி, தன் பாட்டி திருமணமாகி இங்கு வந்த முதல் ஓராண்டு தன் அம்மாவை நினைத்துச் சமையலறையில் அழுததைக் கேட்டு எழுதி வந்தாள். வீட்டில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லையாம்.

உடனடி உதவி வேண்டுவோர் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984 முதல் 'டிங்கிள் ஃபிரண்ட்' சேவையை நடத்தி வருகின்றது. மாணவர் கைந்நூலில் இவற்றை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த பருவத்துக்கு எனக்கு இன்னும் பத்துச் சொற்கள் தேவைப்படுகின்றன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மனம் சரியில்லாதபோது என்ன சொல்வார்கள்? தஞ்சாவூர்ப் பக்கமோ, யாழ்ப்பாணமோ, செம்பவாங் கப்பல் தளத்துப் பழைய குடியிருப்போ, எந்த ஊர் வழக்காக இருப்பினும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.