பெயரைச் சொல்லலாமா?

நம் பாட்டிமார் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் வீட்டில் எந்தக் காரியமும் அதனால் நின்றதில்லை. எக்ஸெலில் மாக்ரோ எழுதும் சகோதரிகளும் அந்த வித்தையைக் கொஞ்சம் கற்றுக்கொள்வது நல்லது.

மாக்ரோ என்பது, நாம் கையால் செய்கிற வேலைகளை வரிசையாக எழுதி வைத்து, ஒரே சொடுக்கில் நடத்திக்கொள்வது. அதற்கான விஷுவல் பேஸிக் பாஷை 1993-ல் எக்ஸெலுக்குள் வந்தது. மாதா மாதம் சம்பளப் பட்டியல் போடுகிறவர்களுக்கு இது வலது கை மாதிரி.

சங்கடம் எங்கே வருகிறது? ஏப்ரல் மாதக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மாக்ரோவைப் பதிவு செய்கிறீர்கள். வேறொரு கோப்பிலிருந்து ஏப்ரலுக்குத் தாவும்போது, 'ஏப்ரல்' என்ற பெயரையே அது எழுதிக்கொண்டு விடுகிறது. மே மாதத்தில் அதை ஓட்டும்போது ஏப்ரல் கோப்பு திறந்திராவிட்டால், 9-ம் எண் பிழை என்று சொல்லி நின்றுவிடும். நின்றால் பிழைத்தோம்! ஏப்ரலும் திறந்திருந்தாலோ, மே மாதத் தொகைகளைச் சத்தமில்லாமல் ஏப்ரலில் எழுதிவிட்டுப் போய்விடும். மாக்ரோ எழுதியதை 'அன்டூ' போட்டு மீட்கவும் முடியாது.

பின் எப்படித்தான் கூப்பிடுவது? 'திஸ்ஒர்க்புக்' என்றால், மாக்ரோ குடியிருக்கும் கோப்பு. அதன் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் கவலையில்லை. 'ஆக்டிவ்ஒர்க்புக்' என்றால், அந்த நிமிஷம் முன்னால் நிற்கும் கோப்பு. இதில்தான் ஜாக்கிரதை வேண்டும். "வாசலில் நிற்பவரிடம் பணத்தைக் கொடு" என்று சிறுவனை அனுப்புவது போல அல்லவா இது? பால்காரர் நகர்ந்து தபால்காரர் வந்திருந்தால், பணம் அவர் கைக்குப் போய்விடும்! மாக்ரோ நடுவில் இன்னொரு கோப்பைத் திறந்தால், அதுவே முன்னால் வந்து நிற்கும்.

ஆகையால் தொடக்கத்திலேயே, 'செட்' என்ற சொல்லைப் போட்டு, வேண்டிய கோப்புக்கு ஒரு செல்லப் பெயர் வைத்துவிடுங்கள். பிறகு எது முன்னால் வந்தாலும், அந்தச் செல்லப் பெயர் அந்தக் கோப்பையே குறிக்கும். ஏப்ரலானாலும் மார்கழியானாலும் ஒரே மாக்ரோ போதும்.

இன்னும் ஒன்று. எழுதத் தொடங்குமுன், தலைப்புக் கட்டத்தில் எந்த மாதம் இருக்கிறது என்று மாக்ரோவையே பார்க்கச் சொல்லுங்கள். மாதம் வேறாக இருந்தால் நின்றுவிடட்டும். கோப்புக்கு ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்கிறீர்களா? பட்டியலில் ஒரு வரி இடம் மாறினால், ஏதோ ஒரு வீட்டில் மளிகைக் கடன் அடைபடாமல் நிற்குமே!