விரைவுக் குறியீடும் தமிழ் வகுப்பும்

தமிழ் வகுப்பறைக்குள் விரைவுக் குறியீடு நுழைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 2018-இல் தமிழ்நாட்டில் புதிய பாடத்திட்டப்படி வெளிவந்த பள்ளிப் பாடநூல்களிலேயே இக்கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சாகியிருந்தது. திக்ஷா செயலியைத் திறந்து கைப்பேசியை அதன்மேல் காட்டினால் பாடத்தோடு தொடர்புடைய காணொளியோ பயிற்சியோ திரையில் விரியும். அந்நூல்களைப் படித்தவர்களே இன்று நம் கல்லூரி வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். தேநீர்க் கடையில் பணம் செலுத்தவும் இதே கட்டத்தைத்தான் அவர்கள் நாடுகின்றனர். ஆகவே இதனை வகுப்பில் பயன்படுத்தலாமா என்ற வினா காலங்கடந்தது. எதற்காகப் பயன்படுத்துவது என்பதே நம்முன் உள்ள வினா.

ஜப்பானின் டென்சோ குழுமத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர்தம் குழுவினரும் 1994-இல் இக்குறியீட்டை உருவாக்கினர். வாகன உதிரிப் பாகங்களை விரைந்து அடையாளம் காண்பதே நோக்கம். ஒரு கட்டம், ஒரு விடை. ஐயத்துக்கு அங்கே இடமில்லை. இலக்கிய வகுப்பின் இயல்பு வேறு. ஐயம் எழாத வகுப்பில் இலக்கியம் நடந்ததாக நாம் கொள்வதில்லை. இந்த முரணை உணராமல் செய்யுளின் அடியில் ஒரு கட்டத்தை ஒட்டிவிட்டால், மாணவர் பாடலைக் கடந்து நேரே பொழிப்புரைக்குப் போய்விடுவர். முன்பு கடையில் வாங்கிய உரைநூல் செய்த வேலையை இப்போது கைப்பேசி செய்யும். வகுப்பில் எத்தனை கைப்பேசிகள் உயர்ந்தன என்பதை ஆர்வத்தின் அளவாகக் காட்டும் அறிக்கைகளை நாம் ஏற்பதற்கில்லை.

கட்டத்துக்குள் விடையை வைக்காமல் வினாவை வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. குறுந்தொகை வகுப்பில் நாம் கையாளும் முறை ஒன்றைச் சொல்லலாம். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள் கொண்ட நூல் அது. பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகளே. அவற்றுள் ஒன்றைத் திணை, கூற்றுக் குறிப்புகள் இன்றித் தாளில் அச்சிட்டுக் குழுவுக்கு ஒன்றாகக் கொடுக்கிறோம். சுவரில் மூன்று கட்டங்கள். முதலாவதில், ‘பேசுபவர் யார்? எச்சொல்லால் அறிந்தீர்?’ என்ற வினா. இரண்டாவதில் அருஞ்சொற்கள் இரண்டுக்குப் பொருள். மூன்றாவதில் மரபாக வழங்கிவரும் கூற்றுக் குறிப்பு. தம் விடையை எழுதி முடித்த பின்னரே குழுவினர் மூன்றாவதைத் திறக்கலாம். ஒருமுறை ஒரு குழு தலைவி என்றது; மற்றொன்று தோழி என்று வாதிட்டது. குறிப்பைத் திறந்து பார்த்த மாணவி ஒருவர், “இதை எழுதினவங்களுக்கு மட்டும் எப்படிங்க ஐயா தெரியும்?” என்று கேட்டார். பாடலுக்கும் குறிப்புக்கும் இடையே உள்ள தொலைவை அன்று முழுவதும் பேச அந்த ஒரு வினா போதுமானதாயிற்று.

இதற்கு இணைய வசதியும் தேவையில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. இணைய முகவரியைத்தான் கட்டத்துக்குள் வைக்க வேண்டும் என்பதில்லை; எழுத்தையே வைக்கலாம். ஒருங்குறியில் ‘க’ என்பதற்கு 3 பைட்டுகள், ‘கு’ என்பதற்கு 6 பைட்டுகள். மிகப் பெரிய கட்டம் 2,953 பைட்டுகள் வரை கொள்ளும். திருக்குறளின் ஓர் அதிகாரம் முழுதும் அதில் அடங்கும். எனினும் கட்டம் நெருங்க நெருங்க எளிய கைப்பேசியின் கண்ணுக்கு அது புலப்படாது. எனவே இரண்டு மூன்று தொடர்களோடு நிறுத்துவதே நன்று. முகவரியை நம்புவதில் வேறோர் இடரும் உண்டு. உயர்ந்த திருத்த நிலையில் அமைத்த கட்டம் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்கப்படும். அது சுட்டும் இணையப் பக்கம் மறைந்துவிட்டால், அச்சு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை.

தாள் தாங்க இயலாதவற்றுக்கு மட்டும் இணைய முகவரியை வைத்துக்கொள்ளலாம். தேவாரத்தின் பண்ணை ஓதுவார் குரலில்தான் கேட்க வேண்டும். ஏட்டுச்சுவடியில் புள்ளியின்றி எழுதும் வழக்கத்தைப் படமாகக் கண்டால்தான் பாடபேதம் ஏன் தோன்றுகிறது என்பது விளங்கும்.

கைப்பேசி இல்லாத மாணவரை இம்முறை தனிமைப்படுத்தும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் ஐவருக்கு ஒரு கைப்பேசி போதும் என்று அமைக்கிறோம்; அதே வாசகங்கள் தாளிலும் ஆசிரியர் கையில் இருக்கின்றன. வகுப்பில் கைப்பேசிக்கு முற்றிலும் தடை உள்ள கல்லூரிகளில் அத்தாளை மடித்து உறையிலிட்டுக் கொடுத்தாலும் பாடம் நடக்கும். அவ்வாறு கொடுத்தால் நடக்காத பாடமாயின், குறை வினாவில் இருக்கிறது, கருவியில் இல்லை.

அடுத்த படியாக, கட்டங்களை மாணவர்களே உருவாக்க வேண்டும். ஒரு பாடலைப் படித்து, அடுத்த ஆண்டு வரும் இளையோர்க்கு ஒரே ஒரு வினாவை எழுதி அடைத்து வைக்கட்டும். நல்ல வினா ஒன்றை எழுத அப்பாடலைப் பலமுறை படித்தாக வேண்டும். தமிழாசிரியர் அவர்களிடம் வேண்டுவதும் அதுதான்.