பாட்டு நன்றாக இருந்ததா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் எழுந்து, "இலக்கிய ஆராய்ச்சியின் காலம் முடிந்துவிட்டது, இனிப் பண்பாட்டு ஆய்வுதான்" என்று முழங்கினார். கைதட்டல் பலமாகவே இருந்தது. தமிழ் எம்.ஏ. முடித்து வந்த இன்னொரு நண்பர், "சினிமாச் சுவரொட்டியையும் சிலப்பதிகாரத்தையும் ஒரே தராசில் நிறுப்பவர்களோடு எனக்கென்ன பேச்சு?" என்று கூறிவிட்டு வெளியே போய்விட்டார். தேநீர் ஆறிப்போனதுதான் மிச்சம். இருவரும் எனக்கு வேண்டியவர்கள். இருவர்மீதும் எனக்கு வழக்கு உண்டு. அன்று பேச வாய்க்கவில்லை. ஆதலால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். 2024-ஆம் ஆண்டில், தில்லி ஜங்புராவில் கால்வாய் ஓரமாக இருந்த மதராஸி கேம்ப்புக்கு ஒப்பாரி சேகரிக்கப் போனேன். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக வீட்டு வேலை செய்து பிழைத்த ஓர் ஆயா, மூன்று மாலைகள் எனக்காகப் பாடினார். அதை வைத்து முப்பது பக்கம் எழுதினேன். புலப்பெயர்வு, கைம்மை, கூலி, சாதி, விட்டுவந்த ஊரின் நினைவு எல்லாம் அதில் இருந்தன. மேனாட்டு ஆசிரியர் பெயர்களுக்கும் குறைவில்லை. மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது.

ஒரு நாள், அதே கேம்ப்பில் வேறொருவர் பாடிய ஒப்பாரியைக் கைப்பேசியில் போட்டு, "இது எந்தச் சாவுக்குப் பாடுவது ஆயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார், முகத்தைச் சுளித்தார். "இது பாட்டா கண்ணு? வரிசை தெரியாம அடுக்குறா. அழறதுன்னா வாய்க்கு வந்ததைச் சொல்றதா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறைக்கு வந்து ஆயாவின் பாட்டை மறுபடியும் போட்டுக் கேட்டேன். அடிக்கு அடி ஒரே ஒரு சொல்தான் மாறுகிறது. பொன் வெள்ளியாகிறது, வெள்ளி பித்தளையாகிறது, பித்தளை மண்ணாகிறது, கடைசியில் உடைந்த ஓடாகிறது. கணவன் போனபின் ஒரு பெண்ணின் வாழ்வு படிப்படியாக இறங்குவதை அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. மற்றவர் பாட்டிலும் அதே சொற்கள் இருந்தன. ஆனால் பித்தளை முன்னே வந்தது, பொன் பின்னே வந்தது. கைம்பெண்ணின் வறுமையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிய நான் இதைக் கவனிக்கவே இல்லை. எனக்கு இரண்டு பாட்டும் இரண்டு 'சான்றுகள்', அவ்வளவுதான். நான் யாரை ஆய்வுப் பொருளாக எண்ணிப் போனேனோ, அவரே என்னைவிடத் தேர்ந்த இலக்கியத் திறனாய்வாளராக இருந்தார்!

முழங்கிய நண்பருக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். பண்பாட்டு ஆய்வு என்ற பெயரை நிலைநாட்டிய பர்மிங்காம் மையத்தை 1964-ஆம் ஆண்டில் தொடங்கிய ரிச்சர்ட் ஹாகார்ட் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். தொழிலாளர் குடும்பங்கள் படித்த மலிவு ஏடுகளையும் பாடிய பாட்டுகளையும் பற்றி 1957-இல் அவர் எழுதிய நூல், கவிதையை ஊன்றிப் படித்துப் பழகிய கண்ணால் எழுதப்பட்டது. அவருக்குப் பின் மையத்தை நடத்திய ஸ்டூவர்ட் ஹாலும் ஆக்ஸ்போர்டில் இலக்கியம் படித்தவரே. அதே பர்மிங்காம் பல்கலைக் கழகத்தில், அதே அறுபதுகளில், நம் கைலாசபதி கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் சங்கப் பாட்டுகளை ஆராய்ந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1968-இல் நூலாக வெளிவந்த அந்த ஆராய்ச்சி, பாணர் வாழ்ந்த சமுதாயத்தை எப்படிக் காட்டுகிறது? பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர்களையும் அடைமொழிகளையும் ஒப்பிட்டுத்தான். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அவருடன் வாதாட வேண்டுமானால் பாட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் வாதாட முடியும். அந்த மரியாதை அவருக்கு உண்டு. நம் கருத்தரங்குக் கட்டுரைகள் பலவற்றில் பாட்டை எடுத்துவிட்டாலும் கட்டுரை அப்படியே நிற்கும்.

எழுந்து போன நண்பருக்கு வேறு நாட்டு உதாரணம் வேண்டியதில்லை. சீவக சிந்தாமணி ஏடு கைக்கு வந்தபோது, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற உ.வே. சாமிநாதையருக்கே அது விளங்கவில்லை. நிகண்டும் இலக்கணமும் அவருக்குத் தெரியாதவையா? தெரியாதது சமணம். கும்பகோணத்தில் சமணர் வீடுகளுக்குப் போனார். அங்கே சிந்தாமணியைச் சமய நூலாக வைத்துப் படித்து வந்தார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நூல் அச்சாயிற்று. தெருவில் இறங்கினால் இலக்கியம் தீட்டுப்பட்டுவிடும் என்று அந்தப் பெரியவர் நினைத்திருந்தால் நமக்குச் சிந்தாமணி ஏது?

ஆனால் அவர் சமணர் வீட்டிலேயே தங்கிவிடவில்லை என்பதையும் முதல் நண்பர் கவனிக்க வேண்டும். அவர்களுடைய வழிபாட்டைப் பற்றி ஓர் அறிக்கை எழுதுவதோடு அவர் வேலை முடியவில்லை. கேட்டறிந்ததை எடுத்துக்கொண்டு ஏட்டுக்குத் திரும்பினார்; பாட்டுக்குப் பாட்டு பாடத்தையும் பொருளையும் தேர்ந்தார். நான் போனேன், திரும்பவில்லை. என் முப்பது பக்கங்களின் குறை அதுதான்.

மதராஸி கேம்ப் இன்று இல்லை. 2025 ஜூன் முதல் நாள் நீதிமன்ற ஆணைப்படி அதை இடித்துவிட்டார்கள். வீடு கிடைத்தவர்கள் நரேலாவுக்குப் போனார்கள். கிடைக்காதவர்கள் எங்கெங்கோ போனார்கள். ஆயா கொடுத்திருந்த எண்ணில் இப்போது மணி அடிப்பதில்லை. பாட்டு மட்டும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதைச் சொல் சொல்லாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கே மூச்சு விடுகிறார், எங்கே ஒரு சொல்லை இழுக்கிறார் என்பதையும் குறித்துவருகிறேன். கட்டுரையைப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவருகிறேன். நான்கு நிமிடப் பாட்டு. நண்பர்கள் இருவரும் அவசியம் வர வேண்டும். பாட்டு முடியும்வரை யாரும் பேசக்கூடாது.