கண்மலர் சாத்துறோம், சரி. கண்ணைப் பத்திப் படிக்க யாரை அனுப்புறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. படிவம் 3-ல இருந்து படிவம் 6 வரைக்கும் பிள்ளை வச்சிருக்கிறவங்க கட்டாயம் படிங்க. கோபம் வந்தா திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

எஸ்பிஎம் முடிவு வரும் வாரம் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசை நிக்கும். பிள்ளையோட பேரு, நட்சத்திரம் சொல்லி ஒரு தாய் கண் கலங்கி நிக்கிறதைப் பார்த்தா யாருக்கும் மனசு இளகும். அதை நாங்க குறை சொல்லலை. ஆனா முடிவு வந்த பிறகு அதே பெற்றோர் தொண்டூழியர்களான எங்ககிட்ட கேட்கிற கேள்விதான் பிரச்சினை: "மெடிசன் கிடைக்காது போல இருக்கு தம்பி, வேற என்ன இருக்கு?" இந்தக் கேள்வியை பிள்ளை படிவம் 3-ல இருக்கும்போதே கேட்டிருக்கணும். முடிவு வந்த பிறகு அம்பாள்கிட்ட கேட்டு, படிக்காத பாடத்தைச் சான்றிதழ்ல சேர்க்க முடியாது.

ஒரு படிப்பை மட்டும் உதாரணமா எடுத்துக்குவோம்: ஆப்டோமெட்ரி. இந்தப் பேரைச் சொன்னாலே "கண்ணாடிக் கடை வேலையா?"ன்னு முகம் சுளிக்கிறாங்க. இது நாலு வருஷப் பட்டப்படிப்பு. பார்வையை அளக்குறது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துறது, சின்னப் பிள்ளைங்களோட மாறுகண்ணைக் கவனிக்கிறது, விழித்திரையில கோளாறு தெரிஞ்சா கண் மருத்துவர்கிட்ட அனுப்புறது எல்லாம் இதுல அடங்கும். நம்ம நாட்டுல 1991-ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டம்னு ஒன்னு இருக்கு. மலேசிய ஆப்டிகல் மன்றத்துல பதிவு செய்யாம யாரும் ஆப்டோமெட்ரிஸ்ட்னு தொழில் நடத்த முடியாது. அரசாங்க மருத்துவமனையிலயும் இவங்களுக்கு வேலை உண்டு. இதைப் போய் கௌரவக் குறைச்சல்னு சொல்றது அறியாமை.

நமக்கு இது ஏன் முக்கியம்? 2019-ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மூணு பெரிய இனங்கள்ல அதிகமா பாதிக்கப்பட்டது நாமதான். இனிப்பு நீர் முத்தினா விழித்திரையைத் தாக்கும். ஆரம்பத்துல வலிக்காது, ஒன்னும் தெரியாது. தெரியும்போது பாதி பார்வை போயிருக்கும். நம்ம அன்னதானப் பந்தியில உட்காருறவங்களைப் பாருங்க, வீட்டுக்கு ஒருத்தர் மாத்திரை சாப்பிடுறவங்களா இருக்காங்க. கண்ணுல கோளாறுன்னா மாரியம்மனுக்கு வெள்ளியில கண்மலர் சாத்துறோம். சாத்துங்க, அது நம்ம நம்பிக்கை. ஆனா தமிழ்ல பேசி "பாட்டி, வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டுங்க"ன்னு சொல்ற ஆளும் நமக்கு வேணும்.

இப்போ தயாரிப்புக்கு வருவோம். படிவம் 4-ல பாடம் தேர்ந்தெடுக்கும்போதே கதவு திறக்குது, இல்லைன்னா மூடுது. உயிரியல், இரசாயனம், இயற்பியல், கூடுதல் கணிதம் இதெல்லாம் வேணும். "இயற்பியல் கஷ்டம், விட்டுடு"ன்னு பிள்ளைகிட்ட சொல்லாதீங்க. ஆப்டோமெட்ரியில பாதி ஒளியும் லென்ஸும்தான்.

அடுத்தது தமிழ்மொழி. "பாடம் அதிகம், தமிழை விட்டுடலாம்"னு சொல்ற பெற்றோர் கொஞ்சம் கணக்குப் போடுங்க. மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம் ஐந்து. மேலே சொன்ன நாலு அறிவியல் பாடத்தையும் சேர்த்தா ஒன்பது. பத்தாவது தமிழ். 10ஏ-வும் அதுக்கு மேலயும் எடுத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இனம் பார்க்காம மெட்ரிகுலேஷன்ல இடம்னு 2024-ல பிரதமர் அன்வார் அறிவிச்சாரு. தமிழை விட்ட பிள்ளைக்கு பத்து எங்கிருந்து வரும்?

மெட்ரிகுலேஷன் கிடைக்கலையா, படிவம் 6 இருக்கு. மூணு தவணை, எஸ்டிபிஎம் தேர்வு. அதுக்குப் போனா மானம் போயிடும்னு நினைச்சு, கிடைச்ச கல்லூரியில கிடைச்ச டிப்ளோமாவுல சேர்க்கிறோம். பட்டப்படிப்புக்கு யூபியூ வழியா விண்ணப்பிக்கும்போது கல்விக்கு 90, புறப்பாடத்துக்கு 10 புள்ளி. இந்தப் பத்தை நாம மதிக்கிறதே இல்லை. டியூஷன்னு சொல்லி சீருடை இயக்கத்துல இருந்து பிள்ளையை நிறுத்துறோம். அந்த நாள்ல உறுமிமேளப் பயிற்சி, தேவார வகுப்புன்னு கோயிலும் பிள்ளைங்களைக் கூப்பிடக் கூடாது. மூவெட் ஆங்கிலத் தேர்வையும் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீங்க.

அரசாங்கப் பல்கலைக்கழகங்கள்ல ஆப்டோமெட்ரி மலேசிய தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம்-ல இருக்கு. யூஐடிஎம்-லயும் இருக்கு, ஆனா அது பூமிபுத்ரா மாணவர்களுக்கு. ஆக, நமக்குக் கதவு குறுகலானது. "அதான் கோட்டா இருக்கே, என்ன படிச்சு என்ன?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரே பதில். கோட்டா இருக்கு, வலிக்குது, அதை எதிர்த்துப் பேசணும். ஆனா விண்ணப்பமே போடாத பிள்ளைக்குக் கோட்டா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? தனியார் பல்கலைக்கழகங்கள்லயும் இந்தப் படிப்பு உண்டு. சேர்றதுக்கு முன்னால, அந்தப் பட்டத்தை ஆப்டிகல் மன்றம் ஏத்துக்குதான்னு பாருங்க. பிடிபிடிஎன் கடன் கேட்க எஸ்எஸ்பிஎன் கணக்கு வேணும், அதை இப்பவே திறங்க. நிறப்பார்வை பத்தி நிபந்தனை இருக்கான்னும் முன்கூட்டியே கேட்டுக்குங்க.

நேர்முகத் தேர்வு வச்சா "ஏன் ஆப்டோமெட்ரி?"ன்னுதான் முதல்ல கேட்பாங்க. "மெடிசன் கிடைக்கலை"ன்னு சொல்ற பிள்ளையை யாரு எடுப்பா? பள்ளி விடுமுறையில பக்கத்துல இருக்கிற ஆப்டோமெட்ரிஸ்ட்கிட்ட அனுமதி கேட்டு நாலு நாள் உட்காரச் சொல்லுங்க. வேலை பிடிக்குதா இல்லையான்னு பிள்ளைக்கே தெரிஞ்சிடும்.

கடைசியா, கோயிலைப் பத்தி. சரஸ்வதி பூஜைக்கு வர்ற உபயத்துல பேனா, பென்சில் வாங்கி அர்ச்சனை பண்ணிக் கொடுக்கிறோம். அது தொடரட்டும். ஆனா பூ அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் போற பணத்துல ஒரு பகுதியை படிவம் 4, 5, 6 பிள்ளைங்களோட அறிவியல் டியூஷனுக்கும் மூவெட் கட்டணத்துக்கும் ஒதுக்கணும்னு நிர்வாகத்துகிட்ட நாங்க கேட்டிருக்கோம். "கோயில் காசு சாமிக்குத்தான்"னு சில பெரியவங்க சொல்றாங்க. ஐயா, வித்யாரம்பம் பண்ணி பிள்ளைக்கு அரிச்சுவடியைத் தொட்டுக் கொடுத்தது இதே கோயில்தானே? அந்தப் பிள்ளை பல்கலைக்கழக வாசல்ல நிக்கும்போது மட்டும் நமக்குச் சம்பந்தமில்லைன்னு சொல்ல முடியுமா?

ஆண்டுக் கூட்டத்துல இதைத் தீர்மானமா கொண்டு வரப் போறோம். சம்மதம்னா வந்து கை தூக்குங்க. சம்மதம் இல்லைன்னாலும் வாங்க, நேர்ல பேசுவோம். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் மண்டபத்துல நாங்க இருப்போம். படிவம் 3 பிள்ளையோட பாடத் தேர்வுப் பாரத்தை எடுத்துக்கிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாங்க.