நொய்யல் கரையில் இரண்டு சக்கரம்

"மாமா, இதைப் பாத்தீங்களா?" என்று கேட்டுக்கொண்டே என் மைத்துனன் தன் செல்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

பார்த்தேன். பச்சைக் கம்பளத்தை உதறி விரித்தாற்போல் மேடும் பள்ளமுமாக ஒரு தேசம். நடுவில் இடிந்த கோட்டை ஒன்று. அதை நோக்கித் தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் நாலைந்து பேர், ஆணும் பெண்ணுமாகச் சிரித்துக்கொண்டு போய்க் கொண்டிருந்தார்கள். அயர்லாந்து!

"அங்கே 1937-லே மூடின ரயில் பாதையைச் சைக்கிள் பாதையா மாத்திட்டாங்க மாமா. 42 கிலோமீட்டர்! ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. ஒரு தடவையாவது போய் ஓட்டிப் பாக்கோணும்" என்று பெருமூச்சு விட்டான்.

என் மைத்துனன் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவன் வெட்டிய பனியன்கள் அயர்லாந்து வரை போயிருக்கலாம். அவன் ஈரோட்டைத் தாண்டிப் போனது இரண்டு தடவைதான்.

பொங்கலுக்காக நான் நல்லூர் போயிருந்த சமயம் அது. மாமியார் வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு நாலாம் நாள் வீரம் பிறப்பது இயற்கை. "அயர்லாந்து இருக்கட்டும், மாப்பிள்ளை! உன் ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டேன்.

"இங்கே என்னங்க மாமா இருக்குது? கம்பெனியும் குடோனும் சாயப்பட்டறையும்தான்!"

அந்த ஒரு வார்த்தையால், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாங்கள் இருவரும் சைக்கிளும் கையுமாக விஸ்வேஸ்வரர் கோயில் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

குதிரையும் எருமையும்

அவனுடைய வாகனம் கியர் வைத்த புது மோஸ்தர் சைக்கிள். இந்தத் தடித்த டயர் ஜாதி பிறந்தது அமெரிக்காவில். 1970-களில் கலிபோர்னியாவில் டமல்பயஸ் என்ற மலைச் சரிவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் தடதடவென்று இறங்கி விளையாடினார்கள். அந்த விளையாட்டே வளர்ந்து ஒரு தொழிலாகிவிட்டது.

எனக்குக் கிடைத்தது மாமனாரின் கறுப்பு சைக்கிள். முப்பது வருஷம் அவரைச் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்பக் கொண்டுவந்து சேர்த்த வண்டி. அவனுடையது குதிரை என்றால் என்னுடையது எருமை. ஆனால் இரண்டிலும் அடைத்திருந்த காற்றுக்கு அயர்லாந்தோடு ஓர் உறவு உண்டு. பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த டன்லப் என்பவர் 1887-ல் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றிப் பார்த்தார். மறு வருஷம் உரிமைப் பத்திரம் வாங்கினார். அதற்கு முன்பு கெட்டி ரப்பரில் உட்கார்ந்து போனவர்களின் இடுப்பெலும்பு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

விருந்தாளிகள்

நொய்யலைத் தாண்டி ஊத்துக்குளிச் சாலையைப் பிடித்தோம். பாலத்தில் மைத்துனன் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக மிதித்தான். நானும் மிதித்தேன். ஆற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கூலிபாளையத்துக்குப் பக்கத்தில் நஞ்சராயன் குளம். எந்தக் காலத்திலோ நஞ்சராயன் என்ற அரசன் செப்பனிட்டதால் வந்த பெயர். பரப்பு சுமார் 125 ஹெக்டேர். 2022-ல் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

நாங்கள் போனபோது குளத்தின்மேல் பனி விலகிக் கொண்டிருந்தது. நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. நீர்க்காகங்கள் பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காய வைத்துக் கொண்டிருந்தன, ஞாயிற்றுக்கிழமை வேஷ்டி காயப் போட்டாற்போல! இமயமலையைத் தாண்டிப் பறக்கும் வரித்தலை வாத்துகள்கூடக் குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கியதுண்டு.

"இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து இதுக்கு வழி தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியலைங்களே, மாமா!" என்றான் மைத்துனன்.

முந்திக்கொண்ட நந்தி

அடுத்து பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயில். சுக்ரீவன் பூஜித்த சிவன் என்பது ஸ்தல புராணம். சுந்தரர் தேவாரத்தில் வரும் குரக்குத்தளி இதுதான் என்பார்கள். ஆடம்பரம் ஒன்றுமில்லாத அழகான கற்றளி. இங்கே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நந்திகள். முன்னதற்குக் காதும் கொம்பும் மூளி.

இதற்கு ஊரார் ஒரு கதை சொல்கிறார்கள். ராத்திரியில் நந்தி எழுந்து போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பயிரை மேய்ந்து வந்ததாம். தோட்டக்காரன் ஒளிந்திருந்து வெட்டினான். விடிந்து பார்த்தால் கோயில் நந்தியின் காதையும் கொம்பையும் காணோம்! பதறிப்போய்ப் புது நந்தி செய்து முன்னால் வைத்தான். மறுநாள் கதவைத் திறந்தால் மூளி நந்தி முன்னுக்கு வந்துவிட்டது. புதியது பின்னால் நிற்கிறது. ஊனப்பட்டது என்பதற்காகப் பழைய சேவகனை ஒதுக்கக்கூடாது என்று சுவாமி நினைத்தாராம்.

நான் மாமனாரின் சைக்கிளை ஒருமுறை தடவிக் கொடுத்தேன்.

ஊத்துக்குளியில் இட்லியும், பெயர் பெற்ற வெண்ணெயில் வார்த்த தோசையும். கதித்தமலை முருகனுக்குக் கீழே நின்றே ஒரு கும்பிடு. தோசைக்குப் பிறகு படியேறும் உத்தேசம் இருவருக்கும் இல்லை.

இரண்டாயிரம் வருஷத்து ஏற்றுமதி

ஊத்துக்குளிக்கு அப்பால் நிலமே வேறு. ஏறுவது தெரியாமல் ஏறி, இறங்குவது தெரியாமல் இறங்கும் மேட்டுக்காடு. இரு பக்கமும் கிளுவை வேலி. உள்ளே வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல், மேயும் ஆடுமாடு. இந்த மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். மழை பொய்த்தாலும் மாட்டைக் காப்பாற்றுவதற்காகக் கொங்கு நாட்டார் கண்டுபிடித்த யுக்தி. காங்கேயம் காளை வளர்ந்தது இந்தப் புல்லில்தான். பச்சை அயர்லாந்து அல்ல. செம்மண்ணும் சாம்பலும் கலந்த நிறம். ஆனாலும் காலை வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. கண்ணை அது பறிக்க, டயரைக் கிளுவை முள் பறித்தது. குதிரைக்குத்தான் பஞ்சர், எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சந்தோஷத்துடன் தெரிவித்துக் கொள்கிறேன்.

நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்று பாடிய ஊர். முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரர்களின் கரூருக்குப் போன பெருவழியில் இருந்தது. 1980-களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பிறகு வேறு பலரும் இங்கே தோண்டிப் பார்த்தார்கள். இரும்பு உருக்கிய உலைகள், பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம், பளிங்கு ஆகியவற்றில் மணி கடைந்த பட்டறைகள், தமிழி எழுத்தில் ஆட்களின் பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. இரும்புக் கம்பி செருகிய சுடுமண் தக்களிகளும், அவற்றோடு ஒரு துண்டு பருத்தித் துணியும்கூடக் கிடைத்தன.

மைத்துனன் அசந்துபோனான். "துணிங்களா! அப்பவே இங்கே நூல் நூத்தாங்களா?"

"நூற்றார்கள். மணி செய்து கடல் தாண்டியும் அனுப்பினார்கள். அந்தக் காலத்துத் திருப்பூர் இது" என்றேன்.

இப்போது அங்கே உழுத காடும், ஈமக் கல்வட்டங்களும், நெட்டுக்குத்தாக நிற்கும் சில கற்களுமே மிச்சம். ஒரு கல்வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மீதி முறுக்கைத் தின்றோம்.

ஒரு செம்பு தண்ணீர்

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரத்துப்பாளையம் அணை. இதுவரை பேசாமல் வைத்திருந்த ஆற்றுச் சமாசாரத்தை இங்கே பேசத்தான் வேண்டும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் நொய்யலுக்குக் குறுக்கே, பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த அணை இது. அந்த வருஷங்களில்தான் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்தது. சாயக் கழிவு ஆற்றில் இறங்கியது. அணை அதைத் தேக்கி வைத்தது. உப்பேறிய நீர் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் போயிற்று. விவசாயிகள் நீதிமன்றம் ஏறினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில், எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், வெளியே ஒரு சொட்டும் விடக்கூடாது என்ற நிபந்தனையின் மேல்தான் அவை படிப்படியாகத் திறந்தன.

மூடிய பட்டறைகளில் ஒன்றில்தான் என் மாமனார் வேலை பார்த்தார். அந்த வருஷம் மாமியாரின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. என் மைத்துனன் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். 'வயித்துல அடிச்சுட்டாங்க' என்பதுதான் அந்த வீட்டில் அவன் கேட்டு வளர்ந்த வார்த்தை. அடித்தவர்கள் யார், அவர்கள் வயிறு எப்படி இருந்தது என்று அவன் விசாரித்ததில்லை, நானும் விசாரித்ததில்லை.

அணைக்குக் கீழே, வேலமரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள் ஒரு கிழவி. எங்கள் காலிப் புட்டிகளைப் பார்த்துவிட்டுத் தானாகவே கூப்பிட்டாள்.

"தண்ணி வேணுங்களா சாமி? வூட்டுக்கு வாங்க. கெணத்துத் தண்ணி இல்லே, கொழாத் தண்ணிதான். பயப்படாமெக் குடிக்கலாம்."

வாசலில் கிணறு இருந்தது. அதன்மேல் முள்ளை வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். நான் பார்ப்பதைக் கிழவி கவனித்தாள். "அந்தக் கெணத்துத் தண்ணியிலே மஞ்சளும் நெல்லும் வெளஞ்சுது கண்ணு. அப்பறம் மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. மாடு குடிக்காத தண்ணியை மனுசன் என்ன பண்றது? இப்பக் கொஞ்சம் தேவலைங்கறாங்க. எனக்கு மனசு வரலே."

செம்பை நீட்டியபடி, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டாள்.

மைத்துனன் வாயருகே கொண்டுபோன செம்போடு நின்றுவிட்டான். 'சென்னை' என்று நான் சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம். அவன் என்ன சொல்வான்?

"நல்லூருங்க ஆத்தா. திருப்பூர்" என்றான் மெதுவாக. பிறகு, யாரும் கேட்காமலே, "எங்கப்பா சாயப்பட்டறையிலே இருந்தாருங்க" என்றும் சேர்த்துச் சொன்னான்.

கிழவி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். "எம் பேரனும் திருப்பூர்லேதான் கண்ணு, பனியன் கம்பெனிக்குப் போறான். காட்டுல வெளஞ்சா அவன் எதுக்கு அங்கே வர்றான்? குடி சாமி, வெயில்ல வந்திருக்கறே" என்றாள்.

அவன் குடித்தான். இன்னொரு செம்பும் வாங்கிக் குடித்தான்.

வீடு

நொய்யலைத் தாண்டிப் படியூர் வழியாகத் திரும்பினோம். ஒரு காலத்தில் கடல் நிறப் பச்சைக்கல் வெட்டி எடுத்த ஊர் படியூர். வேறு நாளாயிருந்தால் அதைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். அன்று இருவரும் பேசவில்லை. காங்கேயம் சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நல்லூர் வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர்.

போக விரும்பும் வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மார்கழி, தை மாதங்கள் சிலாக்கியம். பஞ்சர் ஒட்டும் சாமானும் மாற்று டியூபும் அவசியம். கொடுமணலில் பானை ஓடு கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். கால் வலிக்காதவர்கள் இன்னொரு ஞாயிறு மேற்கே திருமுருகன்பூண்டிக்கும் அவிநாசிக்கும் போகலாம். சேரமான் கொடுத்த பரிசுகளோடு வந்த சுந்தரரிடம் பூதகணங்கள் வழிப்பறி செய்த இடம் பூண்டி. சைக்கிளைப் பூட்டி வைப்பது நல்லது. கிழக்கே கொடி காத்த குமரன் பிறந்த சென்னிமலை. அங்கிருந்து வந்தவர்தான் 1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில் அடிபட்டு உயிர்விட்டார்.

ராத்திரி சாப்பாட்டின்போது மைத்துனன் கிழவியின் கதையைச் சொன்னான். மாமனார் மோர்ச் சாதத்தைப் பிசைந்து கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் பேசினார்.

"அன்னிக்குப் பட்டறையிலே என்ன கலர் ஓடுதோ, அதே கலர்லே ஆறு ஓடும். சாயங்காலம் பாலத்துலே சைக்கிளை நிறுத்திப் பாப்பேன். இன்னிக்குச் சேப்பு நல்லா ஏறியிருக்குதுன்னு பெருமையாக்கூட இருக்கும். அது எங்கே போகுது, யாரு கெணத்துக்குப் போகுதுன்னு ஒரு நாளும் நெனச்சதில்லீங்க, மாப்பிள்ளை."

கை கழுவிவிட்டு வந்தவர் வாசலில் நின்ற எருமையின் டயரை அமுக்கிப் பார்த்தார். மணியை ஒரு தரம் அடித்தார்.

"ஏண்டா, அந்தம்மா வூட்டுக்கு வழி சொல்லு. அடுத்த ஞாயித்துக்கெழமை நான் போறேன். பின்னாடி டயருக்கு மட்டும் காத்து அடிச்சு வை."

ஆகையால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சைக்கிள் கிடையாது.