கோலாட்டம் போடலாம், வாருங்கள்!

சகோதரிகளே, போன வருஷம் ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் இருக்கும் என் நாத்தனார் பெண் போன் பண்ணினாள். பின்னால் ஒரே கொட்டுச் சத்தம்.

"என்னடி அது, கல்யாண வீடா?" என்றேன்.

"இல்லை மாமி, தெருவிலே கார்னிவல். நானும் ஆடிண்டிருக்கேன்!" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பதைத் தொடப் போகிறவள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், தெருவிலே ஆட்டமாவது! பிறகுதான் விவரம் சொன்னாள். குளிரும் இருட்டுமாக வீட்டிலேயே அடைந்து கிடந்து, எதற்கெடுத்தாலும் அழுகை வந்துகொண்டிருந்ததாம். பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் வாரம் இரண்டு நாள் கார்னிவல் நடனம் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாளாம்.

"உடம்பு இளைச்சுதோ இல்லையோ, பேச நாலு பேர் கிடைச்சா மாமி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை என் மனசில் தைத்துவிட்டது. ஏனென்றால் அப்போது எனக்கும் ஒரு சங்கடம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உத்திர வீதியைச் சுற்றிப் பத்து நாள் நடந்தேன். பதினோராம் நாள் மழை, பன்னிரண்டாம் நாள் விருந்தாளி. அதோடு சரி! தனியாக நடப்பதற்கு யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள்?

இந்தக் கார்னிவல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். கரீபியன் கடலில் டிரினிடாட் என்று ஒரு தீவு. நம் திருச்சி லூர்து மாதா கோவிலுக்குப் போகிறவர்களுக்குச் சாம்பல் புதன் தெரிந்திருக்கும். அதற்கு முந்தைய திங்களும் செவ்வாயும்தான் அங்கே கார்னிவல். ஆதியில் பண்ணை முதலாளிகள் முகமூடி போட்டு மாளிகைக்குள் ஆடினார்கள். கரும்புத் தோட்டத்தில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1838-ல் முழு விடுதலை கிடைத்ததும் அவர்கள் ஆட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள்.

1880-களில் ஆங்கிலேய அரசாங்கம் மேளத்துக்குத் தடை போட்டது. ஜனங்கள் சும்மா இருந்தார்களா? மூங்கிலை வெட்டி, தரையில் குத்தியும் ஒன்றோடொன்று தட்டியும் தாளம் போட்டார்கள். பிறகு 1930-களில் பிஸ்கட் டின், எண்ணெய்ப் பீப்பாய் எல்லாம் வாத்தியமாயிற்று. அதுதான் இன்றைக்கு உலகமே கேட்கிற ஸ்டீல் பேன்.

அந்தக் கடல் பக்கம் நம்மவர்களும் போயிருக்கிறார்கள். 1845-லிருந்து டிரினிடாடுக்குக் கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறியவர்களில் தமிழர்களும் உண்டு. பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குப் போனார்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றைக்கும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

லண்டனுக்குக் கார்னிவல் வந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1958-ல் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியன் ஜனங்களை அடித்துக் கலகம் நடந்தது. மனம் உடைந்து கிடந்தவர்களைத் தூக்கி நிறுத்த, டிரினிடாடில் பிறந்த க்ளாடியா ஜோன்ஸ் என்ற பத்திரிகைக்காரப் பெண்மணி 1959 ஜனவரியில் ஒரு மண்டபத்துக்குள் கார்னிவல் நடத்தினார். 1966-ல் நாட்டிங் ஹில்லில் தெருத் திருவிழா தொடங்கியது. என் நாத்தனார் பெண் ஆடியது அதன் வழியில் வந்த விழாவில்தான். ஆக, துக்கப்பட்டவர்கள் சேர்ந்து நிற்கக் கண்டுபிடித்த வழி இந்த ஆட்டம்.

இதையெல்லாம் என் மாமியாரிடம் சொன்னேன். அவருக்கு வயது எண்பத்திரண்டு.

"குச்சியைக் குச்சியிலே தட்டினாளா? அதுதான் நம்ம கோலாட்டமாச்சேடி! லண்டன் போவானேன்?" என்றார்.

அவர் சின்ன வயசில், தீபாவளி அமாவாசை கழிந்ததும் களிமண்ணில் பசுவும் கன்றும் செய்து வைத்து, தெருப் பெண் குழந்தைகள் எல்லாம் கோலாட்டம் போடுவார்களாம். கடைசி நாள் ஊர்வலமாகப் போய் ஆற்றில் கரைப்பார்களாம். கிராமங்களில் முளைப்பாரியை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மியடிப்பதை இப்போதும் பார்க்கலாம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை மட்டும் என்ன? பால் உறையவில்லை, ஏதோ கெடுதல் வரப்போகிறது என்று பயந்தபோது அந்த இடைச்சேரிப் பெண்கள் செய்த முதல் காரியம், ஏழு பேர் கைகோத்து ஆடியதுதான்.

நவராத்திரிக்கு மூன்று வாரம் இருந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். "இந்த வயசிலேயா!" என்று சிரித்தவர்கள் பாதி. கடைசியில் ஏழு பேர் சேர்ந்தோம். எங்கள் வீட்டு மொட்டைமாடி, சாயங்காலம் ஐந்து மணி.

இங்கேதான் சிக்கல். குரவைக்கு ஏழு பேர் போதும். கோலாட்டத்துக்கு ஜோடி வேண்டும். ஏழாவது ஆள் யார் குச்சியில் தட்டுவாள்?

எதிர்வீட்டு மாமியைக் கூப்பிடலாம் என்றேன். மாமா காலமாகி ஒன்றரை வருஷம். அதன்பின் மாமி வாசலுக்கு வருவதே கிடையாது. பால் பாக்கெட் எடுக்கக்கூட விடியற்காலை இருட்டில் வந்து போவார். நான் சொன்னதும் மாடியில் ஒரே மௌனம்.

"நவராத்திரி சமயத்திலே அவரை எதுக்கு? வேறே யாரையாவது பாரேன்" என்றார் எங்களில் மூத்த மாமி ஒருவர்.

எனக்கு வாய் அடைத்துவிட்டது. மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மாமியார்தான் பேசினார்.

"நானும் பன்னிரண்டு வருஷமா அப்படித்தானே இருக்கேன்? உங்களுக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறது நான்தானே? அப்போ நான் எழுந்து கீழே போயிடட்டுமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கே போய்க் கூப்பிட்டேன். "வேண்டாம்மா, யாராவது ஏதாவது சொல்லுவா" என்று மாமி கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளும் போனேன். அப்போதும் அதே பதில். மூன்றாம் நாள், "மாமி, நீங்க எனக்காக வர வேண்டாம். ஒருத்தி ஜோடியில்லாமே வெறுங்குச்சியோட நிக்கறா. அவளுக்காக வாங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு புடவைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார்.

வந்தவர் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்! சின்ன வயசில் பின்னல் கோலாட்டம் போட்டவராம். மேலே வளையத்திலிருந்து எட்டுக் கயிறு தொங்கும். ஆளுக்கு ஒரு கயிறு ஒரு கையில், குச்சி மறு கையில். பாதிப் பேர் இப்படியும் பாதிப் பேர் அப்படியும் உள்ளே வெளியே புகுந்து சுற்ற, கயிறு ஜடை மாதிரி பின்னிக்கொண்டே வரும். பிறகு எதிர்ப்பக்கம் சுற்றி அவிழ்க்க வேண்டும். முதல் நாள் நான் தப்பாகப் புகுந்து முடிச்சுப் போட்டுவிட்டேன். எல்லோரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்ததில் முடிச்சு இறுகியது.

"யாரும் இழுக்காதீங்கோ. எல்லாரும் சேர்ந்து வந்த வழியே நாலு அடி திரும்புங்கோ" என்றார் மாமி. அவிழ்ந்துவிட்டது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்லமாட்டேன். ஆட்சேபம் சொன்ன மூத்த மாமி நவராத்திரிக்குப் பிறகு வரவில்லை. இன்றைக்கும் வருவதில்லை. எதிரில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். அவர் இடத்துக்கு அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு சின்னப் பெண் வருகிறாள். கைக்குழந்தைக்காரி, பிறந்த வீடு திருநெல்வேலி. ஆடும் நேரம் குழந்தை என் மாமியார் மடியில். "ஒரு நாள்லே இந்த அரைமணிதான் மாமி நான் என் கையை வீசறேன்" என்கிறாள்.

இதில் விஞ்ஞானமும் இருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. நாங்கள் வாரம் நாலு நாள், நாற்பது நிமிஷம். கணக்குப் போட்டால் 160 ஆகிறது. 2015-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பிரேசில் நாட்டு மாணவ மாணவிகளை ஆடவிட்டு, பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். எல்லோரும் ஒரே அசைவாகச் சேர்ந்து ஆடினவர்கள் அதிக வலி தாங்கினார்கள். கூட ஆடினவர்களிடம் நெருக்கமும் கூடியிருந்தது. மெதுவாக ஆடினாலும் சேர்ந்து ஆடினால் இந்தப் பலன் உண்டாம். தனியாக நடந்த எனக்கு ஏன் பத்து நாளில் அலுத்தது என்று இப்போது புரிகிறது.

நீங்களும் ஆரம்பிக்க நினைத்தால், எங்கள் அனுபவத்தில் சில யோசனைகள்:

1. முதல் இரண்டு வாரம் வெறும் கும்மி போதும். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் ரொம்பக் குனிய வேண்டாம், குதிக்கவும் வேண்டாம்.

2. கோலாட்டக் குச்சி ஒரு அடி நீளம் இருந்தால் சரி. அடிப்பக்கமாகப் பிடித்து, நுனியில் தட்டுங்கள். நடுவில் தட்டினால் விரல் நசுங்கும்.

3. புடவையைக் கணுக்காலுக்கு மேல் கட்டுங்கள். ஈரத் தரையில் ஆடவே கூடாது.

4. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகட்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடும் ஆட வேண்டாம். இடுப்பில் இரண்டு கல்கண்டு முடிந்துகொள்ளுங்கள்.

5. ஆடும்போது பேச முடிய வேண்டும், ஆனால் மூச்சு விடாமல் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அதனால் பாட்டை இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

6. பிள்ளை பெற்றவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள். தும்மினாலோ குதித்தாலோ சிறுநீர் சிந்துகிறது என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இடுப்புத்தளத் தசைக்கென்று பயிற்சி இருக்கிறது, டாக்டர் சொல்லித் தருவார். நெஞ்சு வலி, தலைசுற்றல், அதிக மூச்சு வாங்கல் இருந்தால் உடனே நிறுத்தி, டாக்டரைப் பாருங்கள்.

7. ஒருத்தி வராவிட்டால் போனில் கேட்காதீர்கள். நேரே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள்.

கடைசி யோசனைதான் முக்கியம். நான் நடையை நிறுத்தியபோது யாருக்கும் தெரியவில்லை. இப்போது நான் ஒரு நாள் படுத்துக்கொண்டால் ஐந்தே கால் மணிக்கு எதிர்வீட்டு மாமி வாசலில் வந்து நிற்கிறார், கையில் குச்சியோடு! என் சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. மாமி இப்போதெல்லாம் பால் பாக்கெட்டை நன்றாக விடிந்த பிறகே எடுக்க வருகிறார்.

உங்கள் தெருவிலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்தி இருப்பாள். போய்க் கூப்பிடுங்கள். முதல் நாள் வரமாட்டாள். மூன்றாம் நாளும் போங்கள்.